போர்க்காலத்தின் கண்ணாடிக் கண்

தவக்காலத்து வெள்ளிக்கிழமை மாலைகளில் சிலுவைப்பாதை செய்யும் நாம் ஆறாம் தலத்தை எளிதில் கடந்துவிடுவதில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்வந்து, குருதியும் வியர்வையும் வழிந்த ஆண்டவரின் முகத்தைத் துகிலால் துடைத்த வெரோணிக்காளின் கதை நற்செய்தி ஏடுகளில் இல்லை. திருச்சபையின் பக்தி மரபு நமக்குப் போற்றித் தந்தது. அத்துகிலில் திருமுகம் பதிந்தது என்று அம்மரபு கூறுகிறது. துன்புறும் ஒருவரின் உருவம் எவ்வாறு நம் கைக்கு வந்து சேர்கிறது, வந்தபின் அதைக்கொண்டு நாம் என்ன செய்கிறோம் என எண்ணும்போதெல்லாம் இந்தத் தலமே என் நினைவுக்கு வருகிறது. அதற்குக் காரணமான நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1990ஐ ஒட்டிய ஆண்டுகள். மே மாதம், ஆற்றில் தண்ணீர் இராத காலம். காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் எங்கள் திருக்காட்டுப்பள்ளியின் கடைத்தெருவை, பூண்டி மாதா திருத்தலத்துக்கு நடந்தும் வண்டிகளிலும் செல்லும் திருப்பயணிகள் நிறைத்திருப்பார்கள். அவர்கள் காணட்டும் என்று நாங்கள் சில இளைஞர்கள் சேர்ந்து, வாடகைக்கு எடுத்த கூடம் ஒன்றில் போர்க்கொடுமைகளைக் காட்டும் படக்காட்சி அமைத்தோம். நூல்களிலும் இதழ்களிலும் வந்த படங்களை நகல் எடுத்துப் பெரிதாக்கித் தட்டிகளில் ஒட்டினோம். நடுநாயகமாக வைத்தது கொழும்பில் 1983ஆம் ஆண்டு ஜூலையில் எடுக்கப்பட்ட படம். பொரளைப் பேருந்து நிலையத்தருகே, ஆடை உரியப்பட்ட தமிழ் இளைஞர் ஒருவர் தலைகவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறார். அவரைச் சுற்றிச் சிலர் சிரித்துக்கொண்டு கூத்தாடுகிறார்கள். பார்ப்பவர் உள்ளம் பதற வேண்டும் என்பதற்காக அதை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கியிருந்தோம்.

மாலையில் ஓர் அம்மையார் வந்தார். ஈழத்திலிருந்து வந்து அகதி முகாமில் இருப்பவர் என்று பிறகு அறிந்தேன். அப்படத்தின் முன் வெகுநேரம் நின்றவர், தம் தோளில் கிடந்த துண்டை எடுத்து, படத்திலிருந்தவரின் இடுப்பை மறைத்துத் தட்டியின் குறுக்கே கட்டத் தொடங்கினார். நான் ஓடிச் சென்று, "எல்லாரும் பார்க்கணும்னுதான் வச்சிருக்கோம், அம்மா" என்றேன். அவர் திரும்பாமலே, "பாக்கட்டும் தம்பி, முகத்தைப் பாக்கட்டும். உது உங்கட அண்ணனா இருந்தா இப்பிடிக் கொழுவி வைப்பியளோ?" என்றார். எனக்குச் சினமே வந்தது. அவர் சென்றதும் துண்டை அவிழ்த்து மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டேன். கொடுமையை மூடி மறைப்பது கோழைத்தனம் என்று அன்று உறுதியாக நம்பினேன்.

அந்த நம்பிக்கை சரிதானா என்பதைப் பின்னாளில் போர்க்கால நிழற்படங்களைப் பற்றிப் படிக்கும்தோறும் ஆராய்ந்து வந்திருக்கிறேன். கலைப்படைப்பு ஒன்றைத் திறனாய்வு செய்வதுபோல் செய்திப்படம் ஒன்றையும் திறனாய்வு செய்ய இயலும். செய்யவும் வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான தொடக்கம், படத்தை உருவாக்கிய கண்ணாடி வில்லை.

வில்லையும் போரும்

"லென்ஸ்" என்று நாம் வழங்கும் வில்லை, ஒளிப்படக் கருவியின் கண். ஜெர்மனியின் செய்ஸ் நிறுவனத்தில் பவுல் ருடால்ஃப் 1902இல் உருவாக்கிய டெஸார் வில்லை, தெளிவான படத்தைச் சிறிய வில்லைத் தொகுதியால் பெற முடியும் என்று காட்டியது. ஆஸ்கர் பர்னாக் வடிவமைத்த லைக்கா கருவி 1925இல் விற்பனைக்கு வந்தது. திரைப்படச் சுருளையே பயன்படுத்தி, சட்டைப்பைக்குள் அடங்கிவிடும் அக்கருவி, முக்காலியும் கறுப்புத் துணியும் சுமந்து திரிந்த நிழற்படக்காரரைத் தெருவுக்கும் போர்முனைக்கும் விடுவித்தது. 1932இல் செய்ஸ் நிறுவனம் காண்டாக்ஸ் கருவியை வெளியிட்டது. அதற்கென லூட்விக் பெர்டலே வடிவமைத்த சோனார் வில்லையின் திறப்பு 1.5 எண் கொண்டது. லைக்காவின் தொடக்ககால வில்லையின் திறப்போ 3.5. எண் குறையக் குறைய ஒளி மிகுதியாக உட்புகும். புதிய வில்லை ஐந்து மடங்குக்கும் மேலான ஒளியை உள்ளே விட்டதால், அந்திப்பொழுதிலும் பதுங்குகுழியிலும் படம் எடுப்பது இயல்வதாயிற்று. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கடற்கரையில் படைவீரர்களோடு இறங்கிய ராபர்ட் காப்பாவின் கையில் இருந்தது காண்டாக்ஸ்தான்.

இவ்வரலாற்றில் நாம் மறந்துவிடலாகாத கசப்பான உண்மை ஒன்று உண்டு. செய்தியாளனின் கண்ணுக்கு வில்லை தேய்த்த கைகளே பீரங்கியின் குறிபார்க்கும் கருவிக்கும் வில்லை தேய்த்தன. செய்ஸ் நிறுவனம் தொலைநோக்கிகளையும் நீர்மூழ்கிக் கப்பலின் காட்சிக் கருவிகளையும் படைகளுக்குச் செய்து தந்தது. 1917இல் தோன்றிய ஜப்பானின் நிப்பான் கோகாக்கு நிறுவனம் அந்நாட்டுக் கடற்படைக்குத் தொலைவளக்கும் கருவிகளைச் செய்தது. போர் முடிந்த பிறகு அதுவே நிக்கான் கருவிகளைச் செய்தது. கொரியப் போரின்போது, 1950இல், லைஃப் இதழின் டேவிட் டக்ளஸ் டங்கன் அந்நிறுவனத்தின் நிக்கோர் வில்லைகளைத் தம் லைக்காவில் பொருத்திப் போர்முனைப் படங்களை எடுத்தார். அவற்றின் கூர்மையைக் கண்டு அமெரிக்கச் செய்தி உலகம் வியந்தது. ஐந்தாண்டுகளுக்கு முன்புவரை அவர்களுடைய கப்பல்களைக் குறிபார்த்த கண்ணாடி, இப்போது அவர்களுடைய வீரர்களின் களைத்த முகங்களைப் பதிவு செய்தது.

பொதுமக்கள் வாழ்விலும் வில்லைக்கு இடம் இருந்தது. முதல் உலகப் போரின்போது ஜெர்மனியிலிருந்து ஒளியியல் கருவிகள் வருவது நின்றுபோகவே, அமெரிக்கக் கடற்படையின் துணைச் செயலராக இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், வீட்டிலுள்ள தொலைநோக்கிகளைக் கடற்படைக்குத் தந்துதவுமாறு மக்களை வேண்டினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு டாலர் வாடகை தரப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய வானொலி, ஐரோப்பியக் கடற்கரைகளில் விடுமுறை நாட்களில் எடுத்த குடும்பப் படங்களை அனுப்புமாறு நேயர்களைக் கேட்டது. இலட்சக்கணக்கில் படங்கள் வந்து குவிந்தன. மணலில் விளையாடிய குழந்தையின் பின்னணியிலிருந்து படை இறங்குவதற்குரிய கரையை வல்லுநர்கள் கணித்தார்கள். தாய் தன் பிள்ளையைப் பார்த்த அதே படத்தில் தளபதி மணல்மேட்டைப் பார்த்தார். ஒரே வில்லை பதித்த ஒரே உருவத்தில் இரு பார்வைகள் இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எத்தனை அடி தொலைவில்?

வில்லைகளில் குவியத்தூரம் குறைந்தவையும் உண்டு, நீண்டவையும் உண்டு. முழு மனித உருவம் ஒன்று சட்டத்தை நிறைக்க வேண்டுமானால், 35 மில்லிமீட்டர் வில்லை உடையவர் ஏறத்தாழ இரண்டு மீட்டர் தொலைவுக்கு நெருங்க வேண்டும். 200 மில்லிமீட்டர் வில்லை உடையவர் பத்து மீட்டருக்கு அப்பால் நின்றே அதே அளவு உருவத்தைப் பெறலாம். முன்னவர் படம் எடுக்கப்படுபவரின் மூச்சைக் கேட்பார். அவருடைய கண்களைச் சந்தித்தாக வேண்டும். பின்னவர் மறைந்து நின்றும் எடுக்கலாம். படம் நன்றாக அமையவில்லையெனில் நிழற்படக்காரர் போதிய அளவு நெருங்கவில்லை என்பதே பொருள் என்னும் கருத்தைக் காப்பா வலியுறுத்தி வந்தார்.

லூக்கா நற்செய்தியின் நல்ல சமாரியர் உவமையை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் வழியில் குற்றுயிராய்க் கிடந்தவரை மூவரும் கண்டனர். குருவும் கண்டார், லேவியரும் கண்டார், இருவரும் மறுபக்கமாய் விலகிச் சென்றனர். சமாரியர் அருகில் வந்தார், கண்டார், பரிவு கொண்டார். காண்பது மூவருக்கும் பொதுவாக இருந்தது, தொலைவு வேறுபட்டது. ஆனால் நெருக்கம் மட்டுமே போதுமா? அம்மனிதரைக் குற்றுயிராக்கிய கள்வர்களும் நெருக்கத்தில் நின்றவர்களே. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு சில படங்களை அணுகுவோம்.

நெல் இல்லாத ஊரின் படம்

டெல்டாவில் பிறந்தவனாகிய நான் முதலில் பார்க்க விரும்புவது 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தின் படங்களை. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. பர்மா அரிசி வருவது நின்றது. எதிரி கைக்குக் கிடைத்துவிடலாகாது என்று வங்கக் கடலோரத்தில் அரிசியும் படகுகளும் அகற்றப்பட்டன. அவ்வாண்டு அக்டோபரில் மேதினிப்பூர்ப் பகுதியைப் புயல் தாக்கியது. விலை ஏழைகளின் கைக்கு எட்டாமல் ஏறியது. மாண்டவர் தொகை 15 இலட்சம் என்று 1945இல் விசாரணைக் குழு கணித்தது. 20 முதல் 30 இலட்சம் வரை இருக்கும் என்பது பிற்கால ஆய்வாளர்களின் மதிப்பீடு. ஆயினும், பஞ்சம் என்று முறைப்படி அறிவிக்க அரசு முன்வரவில்லை. போர்க்காலத் தணிக்கை எழுதும் கைகளைக் கட்டிப்போட்டிருந்தது.

கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளேடு ஆங்கிலேயருடையது. அதன் ஆசிரியர் அயன் ஸ்டீபன்ஸ். தணிக்கை விதிகள் சொற்களைக் கட்டுப்படுத்தினவேயன்றி நிழற்படங்களைப் பற்றித் திட்டமாக எதுவும் கூறவில்லை என்பதை அவர் கண்டார். நகரத் தெருக்களில் விழுந்து கிடந்தோரின் படங்களை 1943 ஆகஸ்ட் 22 அன்று வெளியிட்டார். அடுத்த வாரமும் வெளியிட்டார். டெல்லியும் இலண்டனும் அதன்பின் காணாததுபோல் இருக்க இயலவில்லை. அக்டோபரில் பதவியேற்ற வைசிராய் வேவல் கல்கத்தாவுக்கு நேரில் சென்று, நிவாரணப் பணியில் படையினரை ஈடுபடுத்தினார். சொல்லுக்குப் பூட்டுப் போட்டவர்கள் வில்லைக்குப் பூட்டுப் போட மறந்ததால் பல உயிர்கள் பிழைத்தன என்று சொல்வது மிகையன்று.

இவ்வளவு பெரிய நன்மையைச் செய்த படங்களிடமும் குறை உண்டா? உண்டு. அவை நகரத் தெருவின் படங்கள். சோறு தேடி நகரம்வரை நடந்து வர உடலில் வலு இருந்தோரை மட்டுமே அவை காட்டின; சிற்றூரிலேயே மாண்டோர் சட்டத்துக்கு வெளியே இருந்தனர். பொதுவுடைமைக் கட்சிச் செயலர் பி. சி. ஜோஷியின் தூண்டுதலால் ஓவியர் சித்தப்பிரசாத்தும் இளைஞர் சுனில் ஜானாவும் ஊர் ஊராகச் சென்று, ஒருவர் தூரிகையாலும் மற்றவர் வில்லையாலும் அந்தக் குறையைப் போக்க முயன்றனர். சித்தப்பிரசாத்தின் நூலை அரசு பறிமுதல் செய்து அழித்தது. ஜானாவின் படங்கள் கட்சி ஏட்டில் வெளிவந்து நாடெங்கும் பரவின. சாகக் கிடப்போரின் முகத்துக்கு நேரே கருவியைப் பிடித்து அவர்களுடைய துயரத்துக்குள் தாம் அத்துமீறி நுழைந்ததாகப் பிற்காலத்தில் அவர் வருந்திப் பேசியிருக்கிறார். அந்த வருத்தம் அவருடைய படங்களில் தெரிகிறது என்பது என் கணிப்பு. அவற்றில் உள்ள தாய்மார்கள் காட்சிப் பொருள்களாக இல்லை. நம்மைத் திருப்பிப் பார்க்கிறார்கள்.

இரண்டாவது குறை, எல்லா நிழற்படங்களுக்கும் பொதுவானது. வில்லை பசித்த வயிற்றைக் காட்டும். அப்பசியை உண்டாக்கிய கோப்பைக் காட்டாது. அரிசி விலை ஏறியதை, களஞ்சியத்துக்குப் பூட்டுப் போட்டதை, படகைப் பறித்த ஆணையை எந்த வில்லையாலும் படம் எடுக்க இயலாது. சென்னை மாகாணத்தின் நெற்களஞ்சியமாக இருந்த தஞ்சைத் தரணியின் உழவருக்கு, நெல்லின் விலை எங்கே எவரால் முடிவாகிறது என்பது நன்கு தெரியும். அவர் இப்படங்களைப் பார்த்திருந்தால், 'இந்த ஊர் நெல் எங்கே போயிற்று?' என்றே முதலில் கேட்டிருப்பார். படத்தின் கீழே எழுதப்படும் நான்கு வரி விளக்கத்தில் அவ்வினாவுக்கு விடை இல்லையெனில், படம் நம்மிடம் இரக்கத்தை எழுப்பும், நீதியுணர்வை எழுப்பாது.

பொரளையில் நின்ற வில்லை

இனி, எங்கள் கூடத்தில் தொங்கிய படத்துக்கு வருகிறேன். அதை எடுத்தவர் சந்திரகுப்த அமரசிங்க என்னும் சிங்களச் செய்திப்படக்காரர். இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சியின் 'அத்த' நாளேட்டில் பணிபுரிந்தவர். வெறிகொண்ட கூட்டத்தினிடையே, சில அடித் தொலைவில் அவர் நின்றிருக்கிறார். அவருடைய வில்லை அன்று அங்கே இராதிருந்தால், அப்படி ஒன்றும் நிகழவில்லை என்று சாதித்திருப்பார்கள். அவ்வகையில் அப்படம் ஒரு சாட்சியம். தம் இனத்தாரின் குற்றத்துக்கு எதிராகவே சாட்சியம் சொன்னவர் என்பதால் அப்படக்காரர் நம் மதிப்புக்கு உரியவர்.

ஆனால் சாட்சியத்தை வைக்க வேண்டிய இடம் எது? நீதிமன்றத்தில் வைக்கப்படும் ஆடையிழந்த உடலின் படமும், திருவிழாச் சாலையில் ஆளுயரத்துக்கு வைக்கப்படும் அதே படமும் ஒன்றல்ல. அவ்விளைஞரின் ஆடையை உரிந்தவர்கள், அவரைப் பலர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே உரிந்தார்கள். நாங்கள் அப்படத்தைப் பெரிதாக்கியபோது, எங்களையறியாமலே, அவர்கள் விரும்பிய பார்வையாளர் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டோம். எங்கள் நோக்கம் நேர்மாறானது என்பது உண்மை. எனினும் படத்தில் இருப்பவருக்கு நோக்கத்தால் ஆடை கிடைத்துவிடாது. அந்த அம்மையார் முகத்தை மறைக்கவில்லை. கூத்தாடியவர்களின் சிரிப்பையும் மறைக்கவில்லை. சாட்சியம் முழுவதையும் அப்படியே விட்டுவிட்டு, இழிவை மட்டுமே மறைத்தார். திறனாய்வு நூல் எதையும் படித்திராத ஒருவர் ஒரு துண்டுத் துணியால் செய்து காட்டிய திறனாய்வு அது.

இதற்கு எதிர்வாதம் உண்டு. அதை நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும். 1972 ஜூன் 8 அன்று வியட்நாமின் திராங்பாங் சிற்றூரில் நேபாம் குண்டு வீச்சில் ஆடை எரிந்துபோக, கதறியவாறு ஓடிவந்த ஒன்பது வயதுச் சிறுமி கிம் ஃபுக்கின் படத்தை, ஆடையில்லை என்ற காரணத்தால் அனுப்பத் தயங்கினார்கள். விதியைத் தளர்த்தி அனுப்பியிராவிட்டால், அப்போரின் கொடுமையை உலகம் அவ்வளவு ஆழமாக உணர்ந்திராது. அப்படத்தை எடுத்தவர் என நெடுங்காலம் அறியப்பட்டவர் நிக் உட். அதை எடுத்தவர் யார் என்பதில் அண்மையில் கருத்து வேறுபாடு எழுந்து, உலகச் செய்திப்பட அமைப்பு 2025இல் அவர் பெயரைக் குறிப்பிடுவதை நிறுத்தி வைத்திருக்கிறது. ஆயினும், கருவியை ஒதுக்கிவிட்டு அச்சிறுமியை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றவர் அவர். இங்கே நாம் கவனிக்க வேண்டியவர் கிம் ஃபுக். இளமையில் அவர் அப்படத்தை வெறுத்தார். அதிலிருந்து ஓடி ஒளிய விரும்பினார். பின்னர்க் கிறிஸ்துவை ஏற்று, மன்னிப்பைக் கற்று, அப்படத்தை அமைதிப் பணிக்கான கருவியாகத் தாமே ஏற்றுக்கொண்டார். அது அவர் தந்த இசைவு. பொரளை இளைஞரிடம் இசைவு கேட்பார் எவரும் இல்லை. கேட்க இயலாத இடத்தில், அவருடைய தாய் என்ன சொல்லியிருப்பார் என்றாவது நாம் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

மிகத் தொலைவும் மிக நெருக்கமும்

2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் வன்னியில் நடந்தவற்றைக் காணச் சார்பற்ற செய்தியாளர் எவரும் அனுமதிக்கப்படவில்லை. அங்கே இரண்டு வகை வில்லைகளே இருந்தன எனலாம். ஒன்று, பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிய செயற்கைக்கோளின் வில்லை. குண்டு விழுந்த குழிகளையும் தார்ப்பாய்க் கூடாரங்களையும் அது காட்டிற்று. ஒரு முகத்தையும் காட்டவில்லை. மற்றொன்று, நிலத்தில் நின்றோரின் கைப்பேசி வில்லை. அதிலும் இரு வகை உண்டு. பதுங்குகுழியிலும் தற்காலிக மருத்துவமனையிலும் இருந்தவர்கள் உலகம் அறியட்டும் என்று எடுத்தவை ஒரு வகை. வென்றவர்கள் வெற்றிச் சின்னமாக எடுத்து வைத்துக்கொண்டவை மற்றொரு வகை. 2011 ஜூன் 14 அன்று பிரித்தானியாவின் சானல் 4 தொலைக்காட்சி ஒளிபரப்பிய ஆவணப்படத்தில் இவ்விரண்டும் இடம்பெற்றன.

வெற்றிச் சின்னமாக எடுத்தவை, எடுத்தவர்களுக்கு எதிரான சான்றாகவே பின்னர் மாறின. ஆனால் அவற்றைப் பார்க்கும் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அப்படங்களில் வில்லை நின்ற இடம் கொலைஞன் நின்ற இடம். நாம் படத்தைப் பார்க்கும்போது அவன் கண்வழியாகவே பார்க்கிறோம். நெருக்கம் இங்கே பரிவாகவில்லை. கள்வர்களின் நெருக்கமாக முடிந்துவிட்டது. ஆகவே இத்தகைய படங்களை நீதி கேட்போர் கையாள வேண்டும், ஆய்வாளர் ஆராய வேண்டும், வழக்குமன்றங்கள் காண வேண்டும். குடும்பத் திருமண வாழ்த்துக்கும் காலைத் திருப்பாடலுக்கும் நடுவே கைப்பேசியில் அவற்றை ஒருவருக்கொருவர் அனுப்பி வைப்பது வேறு செயல். அன்பியக் குழுக்களிலும் இப்பழக்கம் காணப்படுவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தொடர்ந்து பார்ப்பதால் மனம் மரத்துப்போகும் என்று சூசன் சொண்டாக் 1977இல் வெளியிட்ட நூலில் எச்சரித்தார். 2003இல் எழுதிய மற்றொரு நூலில் அக்கருத்தைத் தாமே மறு ஆய்வு செய்து, இத்தகைய படங்கள் நம்மை விட்டகலாமல் உறுத்துவதற்கும் பயன் உண்டு என்று ஏற்றார். இரண்டிலும் உண்மை உண்டு. மனம் மரத்துப்போவது படங்களின் எண்ணிக்கையால் மட்டும் நிகழ்வதில்லை. பார்த்தபின் செய்வதற்கு ஒன்றும் இல்லாதபோது நிகழ்கிறது. சமாரியர் கண்டபின் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் காயங்களைக் கட்டினார். சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியம் தந்தார். அவருக்கு மரத்துப்போக நேரமில்லை.

ஒரு வாழ்த்து அட்டை

2017ஆம் ஆண்டின் இறுதியில் திருத்தந்தை பிரான்சிஸ் ஓர் அட்டையை அச்சிடச் செய்தார். அணுகுண்டு வீச்சுக்குப் பின் நாகசாகியில் அமெரிக்கப் படையின் நிழற்படக்காரர் ஜோ ஓடானல் எடுத்ததாக அறியப்படும் படம் அது. பத்து வயது மதிக்கத்தக்க சிறுவன், இறந்துவிட்ட தன் தம்பியை முதுகில் கட்டிக்கொண்டு, எரியூட்டும் இடத்தில் முறைக்காகக் காத்து நேராக நிற்கிறான். உதட்டை அழுந்தக் கடித்திருக்கிறான். அச்சிறுவன் யார் என்பது இன்றுவரை தெரியவரவில்லை. போர் தரும் கனி இதுவே என்னும் பொருள்பட ஒரு சிறு தொடரை அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டுத் தம் கையொப்பத்தை இட்டார் திருத்தந்தை. 2019 நவம்பர் 24 அன்று நாகசாகிக்குச் சென்றபோதும் அப்படம் அவரருகே வைக்கப்பட்டிருந்தது. 2025 ஏப்ரல் 21 அன்று மறைந்த அத்தந்தை விட்டுச்சென்ற மிகச் சுருக்கமான மறையுரை என்று இதைக் கருதலாம்.

ஓடானல் தாம் எடுத்த நாகசாகிப் படங்களின் சுருள்களைப் பல்லாண்டுகள் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார், பார்க்கவும் மனமில்லை. 1989இல் கென்டக்கி மாநிலத்தில் ஒரு துறவற இல்லத்தில், அணுகுண்டுக்கு இரையானோரின் படங்கள் ஒட்டப்பட்ட, சிலுவையில் அறையுண்ட உருவம் ஒன்றைக் கண்டபிறகே அப்பெட்டியைத் திறந்தார். முதுமையில் பிறர் எடுத்த படங்கள் சிலவற்றையும் தம்முடையவை என்று அவர் கூறிக்கொண்டதாகப் பின்னர்த் தெரியவந்ததை மறைக்க வேண்டியதில்லை. படக்காரரும் நம்மைப் போன்ற மனிதரே.

இப்படத்தைப் பொரளைப் படத்தோடு ஒப்பிட்டால் எனக்கு ஒரு தெளிவு பிறக்கிறது. இங்கே குண்டு இல்லை, குருதி இல்லை, உடைந்த வீடும் இல்லை. வில்லை சிறுவனுக்கு எதிரே, அவன் முழு உருவமும் தெரியும் தொலைவில் நிற்கிறது, அதற்குமேல் நெருங்கவில்லை. இறந்த குழந்தை உறங்குவதுபோல் தெரிகிறது. துயரத்தின் முழு எடையும் நம்மீது இறங்குகிறது. ஆனால் அவனிடமிருந்து எதுவும் பறிக்கப்படவில்லை. பங்கு ஆலயத்திலோ இல்லத்திலோ குழந்தைகள் இருக்கும்போதும் வைக்கத்தக்க படம் என்று திருத்தந்தை இதைத் தேர்ந்ததில் ஆழ்ந்த திறனாய்வு நோக்கு இருக்கிறது.

நாம் கேட்க வேண்டியவை

நம் ஆலயங்களில் தொங்கும் பாடுபட்ட சுரூபமும் துன்புறும் ஓர் உடலின் உருவமே. ஆகவே துன்பத்தைப் பார்க்காதே என்று கிறிஸ்தவரிடம் சொல்ல இயலாது. நாம் பார்க்கப் பழகியவர்கள். பார்த்தவுடன் முழந்தாளிடவும் பழக்கப்பட்டிருக்கிறோம். வேறுபாடு அதிலிருந்தே தொடங்குகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் சமூகத் தொடர்பு சாதனங்களைப் பற்றி வெளியிட்ட ஆணை, அவற்றை ஆக்குவோரோடு பயன்படுத்துவோருக்கும் அறக்கடமை உண்டு என்று உணர்த்தியது. இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு வில்லை இருக்கும்போது, ஆக்குவோரும் பயன்படுத்துவோரும் நாமே.

போர்க்காலப் படம் ஒன்று நம்மிடம் வரும்போது நான்கு வினாக்களைக் கேட்டுப் பழகுவோமாக. வில்லையைப் பிடித்தவர் எங்கே, யாருடைய பக்கத்தில் நின்றார்? சட்டத்துக்கு வெளியே விடப்பட்டது என்ன? படத்திலிருப்பவரோ அவரைச் சேர்ந்தவரோ இதை நாம் இவ்விடத்தில் காண்பதற்கு இசைவரா? பார்த்தபின் நான் செய்யக்கூடியது யாது? கடைசி வினாவுக்கு ஒன்றுமே விடை தோன்றாதபோது, அப்படத்தை மற்றவருக்கு அனுப்பாமல் இருப்பதும், அதிலிருப்பவருக்காக ஒரு மங்கள வார்த்தை செபம் சொல்வதும் சிறு செயல்களாகத் தோன்றலாம். மறுபக்கமாய் விலகிச் செல்வதைவிட அவை மேலானவை.

அன்றைய படக்காட்சியை இன்று அமைக்க நேர்ந்தால், பொரளைப் படத்தை நான் நீக்கிவிட மாட்டேன். அது உலகம் அறிய வேண்டிய உண்மை. ஆனால் அதைச் சிறிதாக வைப்பேன். எந்த ஆண்டு, எந்த ஊர், யார் செய்தது, யார் தடுக்கவில்லை என்பவற்றை அருகே விளங்க எழுதி வைப்பேன். அந்த அம்மையார் மறைத்த இடத்தை மறைத்தே வைப்பேன்.

அவர் தம் துண்டைக் கேட்டுத் திரும்பி வரவில்லை. படக்காட்சி முடிந்து கூடத்தைக் காலி செய்த நாளில் இழுப்பறையைத் திறந்தபோது, நான் சுருட்டிப் போட்டவாறே அது கிடந்தது. அதை மடித்து எடுத்துக்கொண்டு பூண்டிக்குச் சென்று, அங்கு வந்த திருப்பயணிகளிடையே அவரைத் தேடினேன். காணவில்லை.